ஸ்லர்ம் க்ளஸ்டரில் ஜாப் நேர வரம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் ஒரு ஆய்வகத்தின் க்ளஸ்டரை, அதாவது ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் கணினிகளின் தொகுப்பை, பார்த்துக்கொள்வது என் வேலை. பயன்படுத்துபவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரமாக ஒரு ஜாபை (க்ளஸ்டரில் ஓடக் கொடுக்கும் வேலை) போட்டுவிட்டு மடிவாளாவுக்கு ஓடிப்போய் மதுரை பஸ்ஸோ திருநெல்வேலி பஸ்ஸோ பிடித்துவிடுவார்கள். திங்கள் காலை வந்து பார்த்தால் ஜாப் எப்போதோ நின்றுபோயிருக்கும். அப்போது என்னிடம் வரும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நாங்கள் ஓட்டுவது ஸ்லர்ம், எந்த ஜாப் எப்போது எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் மென்பொருள் (ஷெட்யூலர்). தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் சி-டாக் அமைத்த பரம் இயந்திரங்களிலும் இதைப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் ஸ்லர்மின் இயல்பு அமைப்பில் இருப்பவை. உங்கள் இடத்து அட்மின் மாற்றியிருக்கக்கூடும், எஸ்கண்ட்ரோல் ஷோ கான்ஃபிக் அடித்தால் தெரிந்துவிடும்.

24 மணி நேரம் கேட்டேன். 24 நிமிடத்தில் ஜாபைக் கொன்றுவிட்டது. ஏன்?

நீங்கள் கேட்டதே 24 நிமிடம்தான். டைம் ஆப்ஷனில் வெறும் எண்ணைக் கொடுத்தால் ஸ்லர்ம் அதை நிமிடமாக எடுத்துக்கொள்ளும். 2:30 என்று எழுதினால் இரண்டரை மணி நேரம் கிடையாது, 2 நிமிடம் 30 விநாடி. மணிக்கணக்கில் வேண்டுமானால் 24:00:00 என்று மூன்று பகுதியாக எழுத வேண்டும். நாள் கணக்கென்றால் நடுவில் ஒரு கோடு: 1-0 என்றால் ஒரு நாள், 2-12 என்றால் இரண்டு நாள் 12 மணி நேரம். கோடு வந்துவிட்டால் அதற்கு அடுத்த எண் மணி, கோடு இல்லாவிட்டால் தனி எண் நிமிடம். இந்த வித்தியாசத்தில் விழாதவர்கள் குறைவு.

என் யோசனை: சின்ன ஜாபோ பெரிய ஜாபோ, எப்போதும் நாள்-மணி:நிமிடம்:விநாடி என்று முழுசாக எழுதுங்கள். 0-06:00:00 பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராது.

நேர வரம்பு எதற்கு? முடியும்போது முடியட்டும் என்று விட்டால் என்ன?

ஜாப் எப்போது முடியும் என்று ஷெட்யூலருக்கு வேறு எந்த வழியிலும் தெரியாது. நீங்கள் சொல்லும் நேரத்தை நம்பித்தான் அது மற்றவர்களுக்குத் திட்டம் போடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். க்ளஸ்டரில் 10 நோடு, அதாவது 10 கணினி. எட்டில் ஜாப் ஓடுகிறது, அவற்றின் வரம்புப்படி எல்லாம் 5 மணி நேரத்தில் முடிந்துவிடும். வரிசையில் முதலில் நிற்கும் ஜாபுக்கு 10 நோடும் வேண்டும், அதனால் அது 5 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதுவரை மீதி இரண்டு நோடு சும்மா கிடக்கும். இப்போது பின்னால் நிற்கும் ஒருவர் "2 நோடு, 4 மணி நேரம்" என்று கேட்டிருந்தால், ஷெட்யூலர் அவரை முன்னால் இழுத்து அந்த இடைவெளியில் ஓட்டிவிடும். முதலில் நிற்பவருக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் இல்லை. அதே வேலையை "எதற்கும் இருக்கட்டும்" என்று 2 நாளுக்குக் கேட்டிருந்தால் அந்த இடைவெளியில் அவர் நுழையவே முடியாது.

இதற்குப் பேக்ஃபில் என்று பெயர். 1990களில் ஆர்கான் தேசிய ஆய்வகத்தின் ஐபிஎம் எஸ்பி இயந்திரத்துக்காக எழுதப்பட்ட ஈசி ஷெட்யூலரிலிருந்து இந்த முறை பரவியது. முழு ஏற்பாடும் நிற்பது ஒரே ஒரு உறுதியின் மேல்: 4 மணி என்று சொன்னவர் 4 மணிக்குமேல் அங்கே இருக்க மாட்டார். அவர் அரை மணி கூடுதலாக உட்கார்ந்துகொண்டால் 10 நோடுக்குக் காத்திருப்பவரின் நேரம்தான் போகும். வரம்பு தாண்டிய ஜாபைக் கொல்வது அதற்காகத்தான்.

இன்னொரு காரணம் தொங்கிப்போகும் ஜாப்கள். எம்பிஐ நிரலில் (பல பிராசஸ்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பி வேலை செய்யும் நிரல்) ஒரு ரேங்க், அதாவது ஒரு பிராசஸ், இன்னொன்றின் செய்திக்காகக் காலாகாலத்துக்கும் காத்துக்கொண்டிருக்கும். சிபியூ 100 சதவீதம் காட்டும், வேலை நடக்காது. வரம்பு இல்லையென்றால் அடுத்த தீபாவளிவரை அப்படியே ஓடும்.

வரம்பே கொடுக்காமல் ஜாப் போட்டால்?

பார்ட்டிஷனில் (தனக்கென்று வரம்புகள் உள்ள நோடுகளின் குழு) இயல்பு நேரம் என்று அட்மின் வைத்திருந்தால் அது. வைக்காவிட்டால் அந்தப் பார்ட்டிஷனின் உச்ச வரம்பு முழுவதும் உங்கள் தலையில் விழும். சும்மா இருந்தவருக்கு 7 நாள் ஜாப் கிடைத்துவிடும், ஆனால் பேக்ஃபில்லில் இடம் கிடைக்காது. அட்மின்களுக்கு ஒரு வார்த்தை: இயல்பு நேரத்தை 30 நிமிடம், ஒரு மணி என்று சின்னதாக வையுங்கள். ஒரு தடவை ஜாப் போனதும் எல்லோரும் டைம் எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

சரி, எவ்வளவு கேட்பது? அதிகமாகக் கேட்டால் அதற்கும் கணக்கு எழுதுவார்களா?

ஃபேர்ஷேர் கணக்கில் (யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்று பார்த்து முன்னுரிமை தரும் கணக்கு) ஏறுவது ஜாப் உண்மையில் ஓடிய நேரம்தான், கேட்ட நேரம் இல்லை. அந்த வகையில் அதிகமாகக் கேட்பதற்கு அபராதம் கிடையாது. விலை வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன பேக்ஃபில் வாய்ப்பு போகும். இன்னொன்று, உங்கள் குழுவுக்கு இத்தனை சிபியூ நிமிடம் என்று ஒதுக்கீடு வைத்து, அதில் சேஃப் என்ற அமைப்பையும் போட்டிருந்தால், கேட்ட நேரம் முழுவதும் ஓடினாலும் ஒதுக்கீடு போதுமா என்று பார்த்த பிறகுதான் ஜாப் தொடங்கும். மாதக் கடைசியில் 3 மணி நேர வேலைக்கு 3 நாள் கேட்பவர் இதில் மாட்டுவார்.

எவ்வளவு கேட்பது என்பதற்கு எஸ்அக்ட் கட்டளைதான் பதில். பழைய ஜாப்களின் எலாப்ஸ்ட் (ஓடிய நேரம்), டைம்லிமிட் (கேட்ட நேரம்) என்ற இரண்டு பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே மாதிரி வேலைகளில் அதிக நேரம் பிடித்தது எதுவோ அதன்மேல் கால் பங்கு சேர்த்துக் கேட்கலாம். ஃபைல் சிஸ்டம் மெதுவாக இருக்கும் நாளுக்கு அந்தக் கால் பங்கு உதவும். புது நிரலா, முன் அனுபவம் இல்லையா? பத்தில் ஒரு பங்கு டேட்டாவை வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அதைப் பத்தால் பெருக்கிவிடாதீர்கள், எல்லா நிரலும் நேர்க்கோட்டில் வளராது. இருமடங்கு டேட்டாவுக்கு நான்கு மடங்கு நேரம் எடுப்பவை எத்தனையோ.

முஆலெம், ஃபைட்டல்சன் இருவரும் 2001ல் வெளியிட்ட ஆய்வு இங்கே ஒரு வேடிக்கையைக் காட்டுகிறது. பயனாளர்கள் கேட்கும் நேரம் உண்மையிலிருந்து வெகு தூரம் விலகியிருக்கிறது, ஆனால் எல்லோருமே தாராளமாகக் கேட்டால் சராசரிக் காத்திருப்பு சில சமயம் குறையக்கூடச் செய்கிறது. ஜாப்கள் சொன்னதற்கு முன்பே முடிய, எதிர்பாராத ஓட்டைகள் விழுந்து சின்ன ஜாப்கள் அதில் நுழைந்துகொள்கின்றன. இதைக் காட்டி "அப்போ நான் 7 நாள் கேட்கலாமே" என்று வாதம் செய்ய வரும் புத்திசாலிகள் உண்டு. ஊரே தாராளமாகக் கேட்கும்போது சரியாகக் கேட்கும் ஒருவருக்குத்தான் அந்த ஓட்டைகள் கிடைக்கும் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

வரம்பு முடியும் நொடியில் என்னதான் நடக்கிறது?

முதலில் ஜாபின் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் (ஜாபுக்குள் தொடங்கும் ஒவ்வொரு ஓட்டம்) உள்ள டாஸ்க்குகளுக்கு சிக்டெர்ம் என்ற சிக்னல் போகும். "முடித்துக்கொள்" என்று அர்த்தம், நிரல் இதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது செய்யலாம். அதன் பிறகு கில்வெயிட் என்ற அமைப்பில் உள்ள நேரம் வரை ஸ்லர்ம் காத்திருக்கும். இயல்பாக அது 30 விநாடி. அப்புறம் சிக்கில், உடனே கொல்லும் சிக்னல். அதை எந்த நிரலாலும் பிடிக்க முடியாது. வெளியீட்டு ஃபைலின் கடைசியில் ஜாப் எண், நோடு பெயர், நேரம் போட்டு "கேன்சல்ட் ... டியூ டு டைம் லிமிட்" என்று ஒரு வரி விழும். ஜாபின் நிலை டைம்அவுட் என்று பதிவாகும்.

வரம்பு தாண்டியும் கொஞ்சம் சலுகை கொடுக்க ஓவர்டைம்லிமிட் என்று ஒரு அமைப்பு உண்டு. இயல்பில் அது சுழியம். கூட்டி வைத்த இடங்களில் பயனாளர்கள் நாளடைவில் அந்தச் சலுகையையும் சேர்த்தே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள் என்பதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த அக்கறையை முன்கூட்டியே வரும் சிக்னலில் காட்டினால் பலன் அதிகம்.

30 விநாடியில் என் மாடலைச் சேமிக்க முடியாதே?

முடியாதுதான். 60 ஜிபி செக்பாயிண்டை (பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரச் சேமிக்கும் நிலை) விநாடிக்கு 1 ஜிபி வேகத்தில் எழுதினால் ஒரு நிமிடம் ஆகும். பாதி எழுதிய ஃபைல் கையில் இருக்கும்போது சிக்கில் வந்துவிடும்.

அதனால் எச்சரிக்கையை முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். ஜாப் போடும் எஸ்பேட்ச் கட்டளையில் சிக்னல் என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. அதில் எந்த சிக்னல், முடிவுக்கு எத்தனை விநாடி முன்னால் என்று @ குறி போட்டு எழுதலாம். யூஎஸ்ஆர்1@600 என்றால் பத்து நிமிடம் முன்பு யூஎஸ்ஆர்1 வரும். நேரம் குறிப்பிடாவிட்டால் 60 விநாடி. ஸ்லர்ம் இதைத் துல்லியமாக அனுப்பாது, சொன்னதைவிட ஒரு நிமிடம் வரை முன்னதாகவும் வரலாம். அதற்கும் தயாராக எழுதுங்கள்.

நிரலுக்குள் செய்ய வேண்டியது: சிக்னல் வந்ததும் அங்கேயே சேமிக்கத் தொடங்கக் கூடாது. ஒரு கொடியை மட்டும் உயர்த்திவிட்டு, பயிற்சிச் சுழற்சியின் ஒவ்வொரு படி முடிவிலும் அந்தக் கொடியைப் பாருங்கள், உயர்ந்திருந்தால் சேமித்துவிட்டு வெளியேறுங்கள். பைத்தானில் சிக்னல் ஹேண்ட்லர் முதன்மைத் த்ரெட்டில்தான் ஓடும். நீளமான ஒரு சி நூலக அழைப்புக்குள் நிரல் மாட்டியிருந்தால் அது திரும்பி வரும்வரை ஹேண்ட்லர் ஓடாது. ஒரு படிக்கே 12 நிமிடம் பிடிக்கும் நிரலுக்கு 10 நிமிட எச்சரிக்கை எந்த உபயோகமும் இல்லை.

சேமிக்கும்போது தற்காலிகப் பெயரில் எழுதி முடித்துவிட்டு, பிறகு பெயரை மாற்றுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். இடையில் ஜாப் செத்தாலும் பழைய செக்பாயிண்ட் முழுதாக இருக்கும்.

சிக்னல் ஆப்ஷனும் போட்டேன், ட்ராப்பும் (சிக்னல் வந்தால் ஷெல் செய்ய வேண்டியது) எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லையே?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வேண்டும், இரண்டு மூன்று பொறிகள் ஒன்றாக இருக்கின்றன.

முதல் பொறி, சிக்னல் யாருக்குப் போகிறது என்பது. இயல்பாக எஸ்ரன் கட்டளை மூலம் தொடங்கிய ஸ்டெப்புகளுக்குத்தான் போகும், பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல்லுக்குப் போகாது. எஸ்ரன் இல்லாமல் ஸ்கிரிப்டில் நேரடியாகப் பைத்தான் என்று எழுதியிருந்தால் உங்கள் நிரல் இருப்பது பேட்ச் ஸ்டெப்பில், ஆகவே அதற்கும் வராது. சிக்னல் பெயருக்கு முன்னால் பி என்ற எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்த்தால் ஷெல்லுக்கு மட்டும் போகும்.

இரண்டாவது, பாஷ் என்ற அந்த ஷெல்லின் குணம். முன்னணியில் ஒரு கட்டளை ஓடிக்கொண்டிருக்கும்போது சிக்னல் வந்தால், அந்தக் கட்டளை முடியும்வரை பாஷ் ட்ராப்பைத் தொடாது. உங்கள் பயிற்சி 20 மணி நேரம் முன்னணியில் ஓடினால், அது முடிந்த பிறகுதான் ட்ராப். அதற்குள் சிக்கில் வந்து கதை முடிந்திருக்கும். அதனால் நிரலை & போட்டுப் பின்னணியில் கிளப்பி, அதன் பிராசஸ் எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அடுத்த வரியில் வெயிட் (அது முடியும்வரை காத்திரு) எழுதுங்கள். ட்ராப்புக்குள் அந்த எண்ணுக்கு யூஎஸ்ஆர்1ஐக் கடத்திவிடுங்கள்.

மூன்றாவது பொறியில்தான் அனுபவசாலிகளும் விழுகிறார்கள். சிக்னல் வந்து ட்ராப் ஓடியதும் வெயிட் உடனே திரும்பிவிடும், நிரல் முடிந்ததா இல்லையா என்று பார்க்காது. அடுத்த வரி இல்லையென்றால் ஸ்கிரிப்ட் முடிந்தது, ஸ்கிரிப்ட் முடிந்தால் ஜாப் முடிந்தது, சேமித்துக்கொண்டிருந்த நிரலும் சேர்ந்து போகும். அதனால் முதல் வெயிட்டுக்குக் கீழே இன்னொரு வெயிட் எழுதுங்கள்.

சோதிக்க 20 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். 5 நிமிட வரம்பும் 180 விநாடி எச்சரிக்கையும் கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

டைம்அவுட் ஆன ஜாபை ஸ்லர்ம் தானாக மறுபடி ஓட்டுமா?

ஓட்டாது. நோடு பழுதானாலோ, உயர்ந்த முன்னுரிமை ஜாப் இடத்தைப் பறித்தாலோ மறுவரிசை நடக்கும். நேரம் தீர்ந்தால் நடக்காது. செக்பாயிண்ட் முடிந்ததும் ஸ்கிரிப்டிலேயே எஸ்கண்ட்ரோல் ரீக்யூ என்று உங்கள் ஜாப் எண்ணுக்கு அடித்துவிடுங்கள், அதே எண்ணோடு வரிசைக்குத் திரும்பும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். மறுபடி தொடங்கும்போது இயல்பாக வெளியீட்டு ஃபைல் அழிந்து புதிதாக எழுதப்படும், ஓப்பன்-மோடு ஆப்ஷனில் அப்பெண்ட் கொடுத்தால் பழையது தங்கும். அப்புறம், செக்பாயிண்ட் சரியாக ஏறாத நிரல் முதலிலிருந்தே தொடங்கி, வரம்பு முடிந்து, மறுபடி வரிசையில் போய் முடிவில்லாமல் சுற்றும். ஸ்லர்ம் தரும் ரீஸ்டார்ட் கவுண்ட் என்ற சூழல் மாறியைப் பார்த்து, இத்தனை முறைக்குமேல் வேண்டாம் என்று நீங்களே ஒரு எல்லை வையுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் ஜாபுக்கு நேரம் கூட்ட முடியுமா?

உங்களால் குறைக்க மட்டுமே முடியும். கூட்டுவது அட்மின் கையில். எஸ்கண்ட்ரோல் அப்டேட்டில் டைம்லிமிட்டை மாற்றினால் போதும், ஒரு வரி வேலை. ஆனால் அந்த இடம் வேறொருவருக்கு எதிர்காலத்தில் ஒதுக்கப்பட்டிருக்கலாம். நான் கூட்டிக் கொடுப்பது செக்பாயிண்ட் செய்ய வழியில்லாத வணிக மென்பொருள் ஓட்டுபவருக்கு, அதுவும் ஒரு நாள் முன்னால் மெயில் வந்தால். இரவு 11 மணிக்கு "சார், இன்னும் 10 நிமிஷம்தான் இருக்கு" என்று வாட்ஸ்அப் வந்தால் நான் பார்ப்பது காலையில்தான்.

எவ்வளவு மீதி என்று பார்க்க, வரிசையைக் காட்டும் எஸ்க்யூ கட்டளையில் % குறியோடு பெரிய எல் கொடுங்கள். சின்ன எல் மொத்த வரம்பைக் காட்டும்.

நோடுகள் காலியாக இருக்கின்றன, என் ஜாப் மட்டும் தொடங்கவில்லை. ஏன்?

எஸ்க்யூ காட்டும் காரணப் பத்தியைப் பாருங்கள். பார்ட்டிஷன்டைம்லிமிட் என்றிருந்தால் பார்ட்டிஷனின் உச்சத்தைவிட அதிகம் கேட்டிருக்கிறீர்கள். சில க்ளஸ்டர்களில் இது போடும்போதே நிராகரிக்கப்படும், சிலவற்றில் சத்தமில்லாமல் வரிசையில் நிற்கும். யாராவது மாற்றும்வரை தொடங்காது.

மெயின்டனன்ஸ் என்றிருந்தால் பராமரிப்பு நிறுத்தம் வருகிறது. யூபிஎஸ் பேட்டரி மாற்ற வியாழன் காலை 10 மணிக்கு நிறுத்தம், இன்று செவ்வாய் மாலை 4 மணி என்று வைத்துக்கொள்வோம். இடையில் 42 மணி நேரம் இருக்கிறது. 3 நாள் கேட்டவரின் ஜாப் நிறுத்தம் முடியும்வரை தொடங்காது, 1-12 என்று கேட்டவருக்கு உடனே கிடைக்கும். செக்பாயிண்ட் உள்ளவர்கள் டைம்-மின் ஆப்ஷனையும் கொடுக்கலாம். "3 நாள் வேண்டும், ஆனால் 12 மணி கிடைத்தாலும் சரி" என்று சொன்ன மாதிரி, பேக்ஃபில் இடத்துக்குத் தகுந்தபடி வரம்பைக் குறைத்து ஓட்டும்.

ஜாப் செத்தது நேரத்தாலா, மெமரியாலா?

எஸ்அக்ட்டில் நிலையைப் பாருங்கள். டைம்அவுட் என்றால் நேரம், அவுட்ஆஃப்மெமரி என்றால் மெமரி, நோடுஃபெயில் என்றால் எங்கள் தலைவலி.

ஜாப் அரேக்கும் தொடர் ஜாபுக்கும் வரம்பு எப்படி?

அரேயில் (ஒரே ஸ்கிரிப்டைப் பல டாஸ்க்குகளாக ஓட்டுவது) வரம்பு ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனித்தனி. நூறு டாஸ்க்கில் ஒன்று மட்டும் மெதுவானால் அது மட்டும் சாகும். தொடர் ஜாபில் ஆஃப்டர்ஓகே (முந்தையது வெற்றியாக முடிந்தால் மட்டும் தொடங்கு) கொடுத்திருந்து முதல் ஜாப் டைம்அவுட் ஆனால், இரண்டாவது ஜாபின் நிபந்தனை நிறைவேறவே போவதில்லை. டிபெண்டன்சிநெவர்சாட்டிஸ்ஃபைட் என்ற காரணத்தோடு அது வரிசையில் கிடக்கும். எப்படி முடிந்தாலும் தொடர வேண்டுமானால் ஆஃப்டர்எனி.

நிரலை ஷெல்லிலிருந்து பிரித்து ஓட்டும் நோஹப் போட்டால் தப்பிக்குமா?

தப்பிக்காது. நாங்கள் பிராசஸ்களைக் கண்காணிப்பது சிகுரூப் (பிராசஸ்களைக் குழுவாகக் கட்டிவைக்கும் லினக்ஸ் வசதி) மூலம். நோஹப், செட்சிட் எதுவானாலும் ஜாபின் சிகுரூப்புக்குள்தான் பிறக்கும், ஜாபோடு போகும். நோடுக்கு எஸ்எஸ்எச் செய்து ஓட்டினாலும், உள்நுழைவைக் கவனிக்கும் அடாப்ட் என்ற பாம் மாட்யூல் இருந்தால் அந்த செஷனும் ஜாபில் சேர்ந்துவிடும்.

வேறு க்ளஸ்டரில் பிபிஎஸ், எல்எஸ்எஃப் மாதிரி வேறு ஷெட்யூலர் இருக்கிறது. அங்கேயும் இதேதானா?

கருத்து ஒன்று, அலகு வேறு. 60 என்று மட்டும் எழுதினால் ஸ்லர்மிலும் எல்எஸ்எஃப்பிலும் 60 நிமிடம். பிபிஎஸ்ஸின் வால்டைமிலும் கிரிட் எஞ்சின் என்ற ஷெட்யூலரின் எச்-ஆர்டியிலும் (கடைசி வரம்பு) 60 விநாடி. ஸ்கிரிப்டை நகலெடுக்கும்போது முதலில் இதைப் பாருங்கள். எச்சரிக்கையும் மாறும்: கிரிட் எஞ்சினில் எஸ்-ஆர்டி (எச்சரிக்கை வரம்பு) முடிந்தால் யூஎஸ்ஆர்1 வரும், எச்-ஆர்டி முடிந்தால் நேராக சிக்கில். எல்எஸ்எஃப்பில் வரம்பு முடிந்ததும் யூஎஸ்ஆர்2 அனுப்பிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருக்கும்.

வரம்பு முடிந்தும் ஜாப் சாகவில்லை, முடிந்துகொண்டிருக்கிறது என்றே காட்டுகிறது. என்ன செய்வது?

ஃபைல் சிஸ்டத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் பிராசஸ், பிஎஸ் கட்டளையில் டி என்ற நிலையில் தெரியும். அந்த ஃபைல் சிஸ்டம், லஸ்டரோ என்எஃப்எஸ்ஸோ, பதில் தரும்வரை சிக்கில்கூட அதன்மேல் வேலை செய்யாது. ஸ்லர்ம் இயல்பாக 60 விநாடி பார்த்துவிட்டு, "கில் டாஸ்க் ஃபெயில்ட்" என்ற காரணத்தோடு நோடை ட்ரெய்ன் நிலைக்குத் தள்ளிவிடும், புது ஜாப் எதுவும் அங்கே போகாது. பயனாளராக நீங்கள் திரும்பத் திரும்ப எஸ்கேன்சல் அடிப்பதில் பயனில்லை. நோடு பெயரையும் ஜாப் எண்ணையும் அட்மினுக்கு அனுப்புங்கள். ஃபைல் சிஸ்டம் திரும்ப வந்தால் பிராசஸ் தானாகப் போய்விடும். வராவிட்டால் அந்த நோடை ரீபூட் செய்வதுதான் வழி.